டாக்கோவின் உயிர் மக்காச்சோள ரொட்டியில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த டாக்கோ செய்முறையை இங்கே லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்து படித்தேன். மைதா சப்பாத்தியை மடித்து மொறுமொறுவென்று பொரித்து, உள்ளே குடைமிளகாயும் சீஸும் தக்காளி சாஸும் வைத்து, இதுதான் அசல் மெக்சிகோ டாக்கோ என்று எழுதியிருந்தீர்கள். வீட்டில் பிள்ளைகள் கேட்டால் தாராளமாகச் செய்து கொடுக்கலாம், ருசியாகத்தான் இருக்கும். ஆனால் அசல் அது இல்லை. இந்த ஊரின் கிழக்குப் பகுதியில் மெக்சிகோ குடும்பங்கள் நடத்தும் சின்னக் கடைகளில் சாப்பிட்டு வருகிறவன் என்ற முறையில் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்தக் கடைகளுக்கு டாக்கேரியா என்று பெயர். பிளாஸ்டிக் நாற்காலி, காகிதத் தட்டு, அவ்வளவுதான். உள்ளங்கை அளவு ரொட்டி, மெத்தென்று இருக்கும், பெரும்பாலும் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தருவார்கள். அதன்மேல் பொடியாக நறுக்கிய இறைச்சி, பச்சை வெங்காயம், கொத்தமல்லி. எலுமிச்சையைப் பிழிந்து, சிவப்புச் சட்னியோ பச்சைச் சட்னியோ நாமே ஊற்றிக்கொள்ள வேண்டும். சீஸ் கிடையாது. நாக்கு, தலைக்கறி, குடல் எல்லாம் பலகையில் எழுதியிருக்கும், நம் ஊர் அசைவக்காரர்களுக்கு அதில் தயக்கம் இருக்காது.

டாக்கோவின் உயிரே அந்த ரொட்டிதான். அதை டோர்ட்டியா என்கிறார்கள். மக்காச்சோளத்தை அப்படியே அரைத்துச் செய்வதில்லை. முற்றிய காய்ந்த சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த தண்ணீரில் வேகவைத்து, இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் தோல் கழலக் கழுவி, ஈரத்தோடு அரைக்கிறார்கள். வெற்றிலையில் தடவுகிறோமே, அதே சுண்ணாம்புதான். அது பட்டால்தான் மாவு ஒட்டிக்கொண்டு ரொட்டியாகத் தட்ட வரும், அந்தத் தனி வாசனையும் வரும். இதற்கெல்லாம் மேலே, சோளத்தில் கட்டுண்டு கிடக்கும் நியாசின் என்ற சத்து உடம்பில் சேர்வதும் சுண்ணாம்பால்தான். மெக்சிகோ பக்கத்து மக்கள் மூவாயிரம் ஆண்டுகளாக இதைச் செய்து வருகிறார்கள். ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் எடுத்துப் போனார்கள், இந்த முறையை எடுத்துப் போகவில்லை. விளைவு, வடக்கு இத்தாலியிலும் பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும் சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள், நியாசின் குறைவால் வரும் பெல்லாக்ரா நோயில் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். ஒரு சமையல் முறையை அரைகுறையாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது. நம் கடைகளில் விற்கும் சாதாரண மக்காச்சோள மாவில் இந்த ரொட்டி வராது, கார்ன்ஃபிளாரில் சுத்தமாக வராது. செய்முறை போடும்போது இதைச் சொல்லுங்கள்.

பொரித்த டாக்கோவும் மெக்சிகோவில் உண்டு, அதையும் சோள ரொட்டியில்தான் செய்கிறார்கள். நீங்கள் படம் போட்ட வளைந்த ஓடு வகையை உலகெங்கும் கொண்டுபோனது, 1962-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து டவுனியில் கிளென் பெல் தொடங்கிய டாக்கோ பெல் என்ற துரித உணவுக் கடைதான்.

2024-இல் மெக்சிகோ நகரத்தில், உணவகங்களுக்குப் பெரிய கௌரவமான மிஷலின் நட்சத்திரம் வாங்கிய டாக்கோ கடை எல் கலிஃபா தே லியோன். 1968-இல் தொடங்கியது, நின்றுகொண்டே சாப்பிடும் சின்னஞ்சிறு கடை. மெல்லிய மாட்டிறைச்சித் துண்டு, உப்பு, எலுமிச்சை, சுடச்சுட ரொட்டி, இவ்வளவுதான் அவர்கள் கைவேலை. அல் பாஸ்தோர் என்ற டாக்கோ வகையைப் பார்த்தால் நம்மவர்களுக்கு உடனே ஷவர்மா ஞாபகம் வரும், அது சரியான ஞாபகம்தான். லெபனானிலிருந்து போய்க் குடியேறியவர்கள் கொண்டுவந்த, இறைச்சியைச் செருகிச் சுடும் செங்குத்துக் கம்பி அது, மெக்சிகோவில் பன்றி இறைச்சியும் காய்ந்த மிளகாய் அரைப்பும் அன்னாசியும் சேர்ந்தன.

அப்புறம், பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா வரும் சைவப் பெற்றோர்களுக்காக ஒன்று. அரைத்த பீன்ஸ் சைவம் என்று நம்பி வாங்காதீர்கள், பல கடைகளில் பன்றிக் கொழுப்பில்தான் வதக்குகிறார்கள், சிவப்புச் சோற்றைக் கோழி வேகவைத்த தண்ணீரில் சமைப்பதும் உண்டு, கேட்டுவிட்டு வாங்குங்கள். நோபாலேஸ் என்று பலகையில் இருந்தால் அது நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியின் இனம், முள் சீவிச் சமைத்தது. லேசான புளிப்பும் வெண்டைக்காய் வழவழப்புமாக நன்றாக இருக்கும். அதையும் இறைச்சி சுட்ட அதே கல்லில் போடுவார்கள், அது ஒத்துவராது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்த முறை டாக்கோ பற்றி எழுதும்போது இந்தச் சுண்ணாம்பு விஷயத்துக்கு நான்கு வரி ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், லாஸ் ஏஞ்சல்ஸ்