அரைஞாண் கயிற்றுக்கு அடியில்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மழைக்காலம் வந்தாலே காய்ச்சல் பற்றி உங்கள் நாளிதழில் எழுதுகிறீர்கள். கொட்டாங்கச்சியைக் கவிழ்த்து வையுங்கள், பழைய டயரை அப்புறப்படுத்துங்கள், தண்ணீர்த் தொட்டியை மூடுங்கள் என்று. எல்லாம் சரிதான், நாங்களும் செய்கிறோம். ஆனால் போன கார்த்திகையில் என் ஆறு வயது மகனைப் பத்து நாள் படுக்கையில் போட்ட காய்ச்சலுக்கும் கொசுவுக்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பற்றி ஒரு வரிகூட நான் எங்கும் படித்திருக்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நீடாமங்கலம் பக்கம், ஆறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பிலிருந்து கொஞ்சம் தள்ளி எங்கள் ஊர். பம்புசெட் மோட்டாருக்குக் காயில், அதாவது கம்பிச் சுருள், கட்டுவது என் தொழில்.

முதல் இரண்டு நாள் மழையில் நனைந்த காய்ச்சல் என்று பாராசிட்டமால் சிரப் கொடுத்தோம். மூன்றாம் நாள் டவுனில் ஒரு கிளினிக்கில் ஊசி. நான்காம் நாள் டெங்கு டெஸ்ட், இல்லை என்று வந்தது. அப்புறம் வேறொரு இடத்தில் டைபாய்டாக இருக்கலாம் என்று ஆன்டிபயாடிக். ஆறாம் நாள் நெஞ்சில் லேசாகச் சிவப்புப் புள்ளி தெரிந்ததும் என் அம்மா, ‘அம்மை இறங்கியிருக்கு, இனி ஊசி கீசி வேண்டாம்’ என்று தலைமாட்டில் வேப்பிலையை வைத்துவிட்டார். அதோடு மந்திரித்த கறுப்புக் கயிறு ஒன்றை அவன் இடுப்பில், ஏற்கெனவே இருந்த அரைஞாணுக்கு மேல் கட்டினார். அம்மாவுக்கும் எனக்கும் அன்று பேச்சு முற்றிவிட்டது. மூன்று டாக்டர் பார்த்தும் இறங்காத காய்ச்சலுக்கு அவரிடம் நான் என்ன பதில் சொல்ல முடியும்?

பகலில்கூடப் பிள்ளை எழுந்து உட்கார்ந்து இரண்டு வாய் கஞ்சி குடிப்பான். ராத்திரி பதினொரு மணி ஆனால் போதும், காய்ச்சல் ஏற ஆரம்பிக்கும். 103, 104. வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து முகம், கை, கால் என்று துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி வரை மனைவி, அதற்குப் பிறகு நான் என்று முறை வைத்தோம். பேச்சுக்குத்தான் முறை. படுத்தவரும் தூங்கியதில்லை. அவன் கண்ணை மூடியபடியே, ‘அப்பா, வண்டி வருது, தள்ளு தள்ளு’ என்று பினாத்துவான். தெருவில் ஒரு வண்டியும் இருக்காது. மோட்டாரை ஓடவிட்டு ஆம்பியர் எழுதி வைக்கும் பழக்கத்தில், பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் நேரம், சூடு, கொடுத்த மருந்து எத்தனை மில்லி என்று எழுதிக்கொண்டே வந்தேன். இப்போது எடுத்துப் பார்த்தால் என் கையெழுத்து மாதிரியே இல்லை.

எட்டாம் நாள் ராத்திரி மூச்சு வேகமாக வாங்கியது. வாடகைக் கார் பிடித்துத் தஞ்சாவூருக்குக் கிளம்பினோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் சாத்தியிருந்தது. அந்த கேட்டைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். நெல் ஏற்றும் சரக்கு வண்டி முன்னே போவதும் பின்னே வருவதுமாக இருந்தது. மடியில் பிள்ளை சுட்ட ஓடு மாதிரி கொதித்தான்.

அரசு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டில் அந்த நேரத்தில் இருந்தவர் ஒரு சின்ன வயது பெண் டாக்டர். பில் புத்தகத்தை வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு, ‘வீட்டைச் சுற்றிப் புதர், புல்வெளி உண்டா? பையன் வரப்புப் பக்கம் விளையாடுவானா?’ என்று கேட்டார். அதற்கு முன்பு யாரும் கேட்காத கேள்வி. ஒரு லீவு நாளில் ஆட்டுக்குப் புல் அறுக்கப் போன பெரிய பிள்ளைகளோடு இவனும் போனான் என்று மனைவி சொன்னாள். உடனே உடுப்பு முழுவதையும் கழற்றச் சொன்னார். செல்போன் டார்ச்சைப் போட்டுக் காதுக்குப் பின்னால், அக்குளில், தொடை இடுக்கில் என்று தேடினார். கடைசியில் இடுப்பில் இருந்த இரண்டு கயிற்றையும் விரலால் விலக்கினார். அடியில் துவரம்பருப்பு அளவில் கறுப்பாக ஒரு பொருக்கு, சுற்றிலும் சிவப்பு. பீடியால் சுட்ட மாதிரி இருந்தது. கறுப்புக் கயிற்றுக்குக் கீழே கறுப்புப் பொருக்கு.

வலியோ அரிப்போ பெரும்பாலும் இருக்காதாம், அதனால் பிள்ளை சொல்லவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றக்கூடாது என்று எட்டு நாளாக நாங்களும் குளிப்பாட்டவில்லை. புள்ளி தெரிந்தபோதுகூடச் சட்டையைத் தூக்கி நெஞ்சைத்தான் பார்த்தோம்.

அது ஸ்க்ரப் டைபஸ். தமிழில் உண்ணிக் காய்ச்சல் என்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்டு மாட்டு உண்ணி என்று நினைத்தேன், தப்பு. புதரிலும் புல்லிலும் இருக்கும் ஒருவகைச் சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து, அதிலிருக்கும் கிருமியால் வருவது. அந்தக் குஞ்சு கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். கடித்துப் பத்து நாள் வாக்கில்தான் காய்ச்சல் வரும், அதற்குள் புல்லறுக்கப் போனதே மறந்துவிடும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. கவனிக்காமல் விட்டால் நுரையீரல், சிறுநீரகம், மூளை வரை போய் உயிருக்கே ஆபத்தாகலாம். இந்தக் கிருமி உடம்பின் செல்லுக்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வதால், நாங்கள் முதலில் வாங்கிக் கொடுத்த ஆன்டிபயாடிக் அதைத் தொடாதாம். ஃபியூஸ் போன மோட்டாருக்கு பேரிங் மாற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

ரத்தத்தை டெஸ்டுக்கு அனுப்பிவிட்டு, முடிவுக்குக் காத்திருக்காமல் அன்று விடியற்காலையே டாக்சிசைக்ளின் தொடங்கினார்கள். விலை குறைந்த, பழைய மருந்து. மறுநாள் ராத்திரி பதினொரு மணிக்குக் காய்ச்சல் ஏறவில்லை. அன்றும் நாங்கள் தூங்கவில்லை. உடம்பு குளிர்ந்திருந்ததால் பயந்துபோய்த் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு தேடிப் படித்ததில், சந்தேகம் வந்தாலே மருந்தைத் தொடங்கிவிட வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்திருப்பது தெரிந்தது. 2025 தொடக்கத்தில் தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையும் இந்தக் காய்ச்சலைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அப்படியானால் எங்கள் ஊர் வரைக்கும் அது ஏன் வந்து சேரவில்லை?

டாக்டர்கள்மேல் கோபமில்லை என்று சொன்னால் பொய். கவரைக் கழற்றாமல் நான் எந்த மோட்டாருக்கும் கோளாறு சொன்னதில்லை. மூன்று இடத்தில் பணம் கட்டினேன், ஒருவரும் பிள்ளையின் சட்டையைக் கழற்றவில்லை. கூட்டம் அதிகம், ஆளுக்கு இரண்டு நிமிடம், அதுவும் தெரியும். பெற்ற நாங்களே கழற்றவில்லை என்பதும் தெரியும்.

உங்களிடம் கேட்பது இதுதான். அடுத்த முறை டெங்கு செய்தி போடும்போது பக்கத்தில் நான்கு வரி இதற்கும் ஒதுக்குங்கள். காய்ச்சல் ஐந்து நாளைத் தாண்டினால் பிள்ளையின் உடுப்பை முழுவதும் கழற்றி, கயிறு, எலாஸ்டிக், மடிப்பு எல்லாவற்றையும் விலக்கிப் பாருங்கள் என்று. பொருக்கு இல்லாமலும் இந்தக் காய்ச்சல் வரும் என்பதால், வயல் வரப்புக்குப் போய்வந்ததை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் ஊருக்குள் நடக்கும் காய்ச்சல் முகாம்களிலும் ஒரு திரைச்சீலை கட்டி இதைப் பார்க்கலாம். டார்ச் இல்லாத செல்போன் இப்போது யாரிடம் இருக்கிறது?

போன வாரம் அடுத்த தெருவில் ஒரு பெண்பிள்ளைக்கு நாலு நாளாகக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு என் மனைவி டார்ச்சோடு போய்விட்டாள். தலைமுடி வரை கோதிப் பார்த்தாளாம். ஒன்றுமில்லை. சாதாரண வைரஸ் காய்ச்சல்தான், மறுநாளே இறங்கிவிட்டது. அந்த வீட்டுக்காரர்கள் இவளை ஒரு மாதிரி பார்த்ததாகச் சொன்னாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர், மோட்டார் மெக்கானிக்,
நீடாமங்கலம் வட்டம், திருவாரூர் மாவட்டம்.