'என்ஜின் கோளாறு' என்றால் எந்தக் கோளாறு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். விசைப்படகு ஒன்று நடுக்கடலில் நின்றுபோனால் தங்கள் நாளிதழில் 'என்ஜின் கோளாறு காரணமாக' என்று போடுகிறார்கள். அதோடு காரணம் முடிந்துவிடுகிறது. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் முப்பத்தொரு வருடம் படகு என்ஜினுக்குள் தலையைக் கொடுத்து வேலை பார்த்த எனக்கு, அதைப் படிக்கும்போது 'உடம்பு சரியில்லாமல் ஒருவர் இறந்தார்' என்று படிப்பது போல இருக்கிறது. எந்த உறுப்பு போனது என்று ஒரு வரி சேர்த்தால் அடுத்த படகுக்காரர் தன் என்ஜினில் அந்த இடத்தைப் போய்த் தடவிப் பார்ப்பார்.

சில வருடங்களுக்கு முன்பு, மீன்பிடித் தடைக்காலம் முடிந்து இரண்டாவது பாட்டுக்கு, அதாவது இரண்டாம் முறை மீன்பிடிக்க, போன ஒரு படகு. புதிய வலை, புதிய பெயின்ட், பழைய ஆறு சிலிண்டர் என்ஜின். இரவு இரண்டு மணிக்கு வலையை இழுத்துக்கொண்டிருந்தபோது ஆயில் பிரஷர் மீட்டரின் முள் பூஜ்யத்தில் விழுந்தது. ஓட்டுநர் பார்த்தார், ஆனால் என்ஜினை நிறுத்தவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. முந்தைய பருவம் முழுவதும் அந்த முள் நினைத்தால் விழும், நினைத்தால் எழும். 'மீட்டர் பொய் சொல்கிறது' என்று அவர் அதைப் பார்ப்பதையே விட்டிருந்தார். அன்றைக்கு அது உண்மையைச் சொன்னது. சில நிமிடங்களில் எண்ணெய் முழுவதும் அடித்தளத்தில் கொட்டி, பேரிங் கடித்து, என்ஜின் இறுகிவிட்டது. பாக் நீரிணையில் ஆழம் குறைவு என்பதால் நங்கூரம் பிடித்துக்கொண்டது. பிடிக்காமல் போயிருந்தால் கச்சான் என்னும் மேற்குக் காற்றும் நீவாடு என்னும் கடல் நீரோட்டமும் சேர்ந்து படகை எல்லைக் கோட்டுக்கு அப்பால் தள்ளியிருக்கும். மறுநாள் தங்கள் முதல் பக்கத்தில் 'ஐந்து மீனவர் கைது' என்று வந்திருக்கும்.

கரைக்கு இழுத்து வந்தபின் பார்த்தேன். எண்ணெயின் பிரஷரை மீட்டருக்குச் சொல்வது ஒரு சென்சார். என்ஜின் பிளாக்கில் அதைத் தாங்கிய பித்தளை நிப்பிள் (திருகு மரையிட்ட குட்டைக் குழாய்) கழுத்தோடு முறிந்திருந்தது. முறிந்த வாயில் பாதி கறுப்பு, பாதி பளபளப்பு. கறுத்த பாதி மாதக்கணக்கில் வளர்ந்த விரிசல், பளபளத்த பாதி அன்றிரவு உடைந்தது. அந்த நிப்பிளை அங்கே போட்டவன் நானே.

எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய தகர உருண்டை அந்தச் சென்சார். அதையும் எச்சரிக்கை விளக்குக்கான சிறிய ஸ்விட்சையும் சேர்த்து மாட்ட 'T' வடிவப் பித்தளை இணைப்பு ஒன்றைப் போட்டு, எல்லாவற்றையும் பிளாக்கில் நேராகத் திருகியிருந்தேன். டீசல் என்ஜின் இரவும் பகலும் அதிரும்போது, நீட்டிய கையில் கல்லைக் கட்டியது போல அத்தனை பாரமும் அந்த ஒரு கழுத்தில் ஆடும். போதாக்குறைக்கு இடம் ஸ்டார்ட்டருக்குப் பின்னால், தாழ்வாக, உப்புநீர் தெறிக்கும் மூலை. ஒயர் முனையில் பச்சைக் களிம்பு ஏறியதால்தான் முள் ஒரு பருவம் முழுக்கப் பொய் சொன்னது.

அதற்குப் பிறகு ஒரு படகிலும் சென்சாரை என்ஜின் மேல் விட்டதில்லை. பிளாக்கில் சிறிய எஃகு நிப்பிள் மட்டும் இருக்கும். அதிலிருந்து கம்பி வலை பின்னிய ஹைட்ராலிக் ஹோஸ் ஒன்று, கொஞ்சம் தளர்வாக, சூடான புகைப்போக்கிக் குழாயையும் பெல்ட்டையும் தொடாமல், என்ஜின் அறைக் குறுக்குப் பலகைக்குப் போகும். சென்சாரும் ஸ்விட்சும் அந்தப் பலகையில், கண் மட்டத்தில், நனையாத இடத்தில் இருக்கும். செம்புக் குழாய் மலிவுதான். ஆனால் அதிர அதிர இறுகி அதுவும் ஒருநாள் வெடிக்கும். நிப்பிளின் துளையை நான் ஒரு மில்லிமீட்டர் அளவே விடுவேன். பிரஷர் பார்க்க அது போதும், ஹோஸ் அறுந்தாலும் எண்ணெய் சன்னமாகத்தான் போகும்.

இடம் மாற்றியவர்களில் பலர் ஒன்றை மறந்துவிட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். ஒற்றை ஒயர் சென்சாருக்கு எர்த் (மின்சாரம் திரும்பும் வழி) அதன் உடம்பு வழியாகவே வருகிறது. மரப்பலகையில் அது எங்கிருந்து வரும்? சென்சாரின் உடம்பிலிருந்து என்ஜினுக்குத் தனியாக ஓர் ஒயர் இழுக்க வேண்டும். இதைச் செய்யாமல் 'சென்சார் போய்விட்டது' என்று மூன்று சென்சார் வாங்கிய சம்மாட்டி (படகு உரிமையாளர்) ஒருவரை எனக்குத் தெரியும்.

மரையிலும் ஒரு வஞ்சகம் உண்டு. அரைக்கால் அங்குலக் கூம்பு மரையும் 10 மில்லிமீட்டர் நேர்மரையும் பார்வைக்கு அண்ணன் தம்பி. ஒன்றில் மற்றொன்று இரண்டு சுற்று அழகாக ஏறும். பிறகு ஸ்பேனரால் இறுக்குவார்கள். பிளாக்கின் மரை அதோடு போயிற்று. அதுபோலவே சென்சாரும் மீட்டரும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஒருவகை, பிரஷர் ஏற ஏற மின்தடையைக் கூட்டும். இன்னொரு வகை குறைக்கும். மாற்றி மாட்டிய படகில், என்ஜின் நின்றிருக்கும்போது முள் உச்சியில் நிற்பதையும், ஓட ஓட அது இறங்குவதையும் நானே பார்த்தேன். சிரிப்பு வந்தது. ஓட்டுநருக்கு வரவில்லை.

எச்சரிக்கை விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். விளக்கு எரியவில்லை என்றால் எல்லாம் சரி என்று நினைக்கிறார்கள். ஒயர் அறுந்திருந்தாலும் அது எரியாது. சாவியைத் திருப்பியதும் எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைந்தால்தான் அது உயிரோடு இருக்கிறது.

2017 முதல் கிழக்குக் கடற்கரையில் தடைக்காலம் 61 நாள். அந்த நாட்களில் அதிகாரிகள் துறைமுகத்துக்கு வந்து பதிவு எண், உயிர்காப்பு மிதவை, வயர்லெஸ் என்று ஒவ்வொரு படகாகப் பார்க்கிறார்கள். நல்ல வேலைதான். அப்போதே ஓட்டுநரைச் சாவியைத் திருப்பச் சொல்லி அந்தச் சிவப்பு விளக்கையும் பார்த்துவிட்டால் என்ன? படகுக்கு அரை நிமிடம்கூட ஆகாது. சம்மாட்டிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: வலைக்கும் பெயின்ட்டுக்கும் செலவழித்தது போக, ஒரு ஹோஸுக்கும் இரண்டு நிப்பிளுக்கும் ஜூன் 14-க்குள் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். அந்தப் படகுக்குக் கிராங்க் கடைந்து பேரிங் மாற்றி முடிக்க இருபத்திரண்டு நாள் ஆனது. ஐந்து குடும்பத்துக்கு அத்தனை நாளும் பாடு இல்லை.

முறிந்த அந்த நிப்பிளை இன்னும் ஒரு தகர டப்பாவில் வைத்திருக்கிறேன். தங்கள் நிருபர் இந்தப் பக்கம் வந்தால் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற படகு மெக்கானிக் ஒருவர்,
ஜெகதாப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டம்.