திருடு போகாத லென்ஸ்

கும்பகோணம்,
ஞாயிறு மாலை

அன்புள்ள முரளி,

நலம்தானே? அக்காவையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். தீபாவளிக்கு நீ அனுப்பிய வாழ்த்துக்குப் பதில் போடவில்லை. சரி, பொங்கலுக்கும் போடவில்லை. திட்டுவதைக் கொஞ்சம் தள்ளி வை, அதைவிடப் பெரிய காரணம் ஒன்று தருகிறேன்.

வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தோம். ட்ரங்குப் பெட்டிக்கு அடியில், கிழிந்த வேட்டித் துண்டில் சுற்றி ஒரு லென்ஸ். ஹீலியோஸ் 44-2. அத்தான் மாஸ்கோவிலிருந்து கொண்டுவந்த ஜெனிட் கேமராவில் இருந்ததே, அதேதான். 1988-ல் திருச்சி பஸ் ஸ்டாண்டில் பையோடு திருடு போயிற்று என்று நான் அழுதேனே, அந்த லென்ஸ்.

திருடு போகவில்லையடா. கங்கைகொண்டசோழபுரத்தில் சிங்கமுகக் கிணற்றுப் படியில் கேமராவைப் போட்டுவிட்டேன். ஷட்டர் துணி பாதியில் நின்றுவிட்டது. ரிப்பேர்காரர் கேமராவை உதிரிக்கு எடுத்துக்கொண்டு லென்ஸை மட்டும் கையில் கொடுத்தார். அத்தானுக்குப் பயந்து பொய் சொன்னேன். நீ எனக்கு டீ வாங்கிக் கொடுத்துத் தேற்றினாய். நம் கூட்டாளி பட்டாணி ராத்திரி இரண்டு மணி வரை பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு குப்பைத் தொட்டியாகக் கிளறினான்.

எழுதிவிட்டேன். கொஞ்சம் மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

அதைத் தூக்கிப் போடத்தான் போனேன். மகள் பிடுங்கிக்கொண்டாள். “அப்பா, இதுக்குன்னு உலகம் பூரா ரசிகர் கூட்டமே இருக்கு” என்றாள். அவளிடம் பழைய சோனி ஏ7 II டிஜிட்டல் கேமரா ஒன்று இருக்கிறது. இந்த லென்ஸைத் திருகி மாட்டும் எம்42 என்ற மரைக்கு ஒரு அடாப்டர் வரவழைத்தாள். உள்ளே கண்ணாடியே கிடையாது, வெறும் உலோக வளையம். எம்42 லென்ஸ் ஃபிலிமிலிருந்து 45.46 மில்லிமீட்டர் தள்ளி உட்கார வேண்டும். இந்தக் கேமராவில் சென்சாருக்கும் லென்ஸ் மாட்டும் வாய்க்கும் 18 மில்லிமீட்டர்தான். மிச்ச இடத்தை வளையம் அடைக்கிறது. நம் காலத்துக் கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் கண்ணாடி எம்பி எழ இடம் விட வேண்டியிருந்தது, இதில் அந்தக் கண்ணாடியே இல்லை. அதனால்தான் எந்த ஊர் லென்ஸும் இதில் குடியேறிவிடுகிறது.

மாட்டி, பட்டனை அழுத்தினேன். அசையவில்லை. அரை மணி நேரம் லென்ஸைத் திட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, மின்தொடர்பு இல்லாத லென்ஸ் என்பதால் கேமரா தன் வாயில் லென்ஸே இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. லென்ஸ் இல்லாவிட்டாலும் படம் எடு என்று மெனுவில் சொல்லி வைக்க வேண்டுமாம். கை நடுக்கத்தைச் சரிசெய்யவும் லென்ஸ் எத்தனை மில்லிமீட்டர் என்று நாமே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஊமை மாமாவைக் கல்யாணத்துக்குக் கூட்டிப் போவது மாதிரி, எல்லாவற்றையும் நாம்தான் சொல்லியாக வேண்டும்.

லென்ஸின் திறப்பைக் கூட்டிக் குறைக்கும் அந்த இரண்டு வளையங்கள் ஞாபகம் இருக்கிறதா? ஒன்று டிக் டிக் என்று எண்ணில் நிற்கும், இன்னொன்று வழுக்கிக்கொண்டு ஓடும். முழுக்கத் திறந்து ஃபோகஸ் பார்த்து, கண்ணை எடுக்காமல் மூடி எடுக்க வேண்டும் என்று அத்தான் உன் மொட்டை மாடியில் சொல்லிக் கொடுத்தார். விரல் தானாகப் போயிற்று. மூளைக்குத்தான் எல்லாம் மறந்திருக்கிறது.

திண்ணையில் அம்மா மல்லி கட்டிக்கொண்டிருந்தாள். இரண்டடி தூரத்தில், முழுக்கத் திறந்த எஃப் 2-ல் தெளிவாக விழுவது அரை அங்குல ஆழம்தான். ஃபோகஸான விளிம்பில் கேமரா சிவப்புக் கோடு போட்டுக் காட்டுகிறது. அதை நம்பாதே. இமையில் காட்டிவிட்டுப் புருவத்தில் விழுந்திருக்கும். பெரிதாக்கிப் பார்த்தால்தான் உண்மை தெரிகிறது. பெரிதாக்கி முடிப்பதற்குள் அம்மா நாரை இழுக்க முன்னால் குனிந்துவிடுகிறாள். கடைசியில் ஃபோகஸ் வளையத்தை விட்டுவிட்டு நானே முன்னும் பின்னும் ஆடினேன். “என்னடா, சாமி வந்திருக்கா?” என்றாள். 43 படத்தில் 3 தேறியது.

அந்த மூன்றில் ஒன்றைப் பார்த்தால் நீ என்னை மன்னித்துவிடுவாய். விரலில் சுற்றிய நார் ஒவ்வொரு இழையாகத் தெரிகிறது. பின்னால் புங்கமர இலைகளுக்கு இடையே விழுந்த வெயில், நடுவில் வட்டம் வட்டமாக இருந்து ஓரம் போகப் போக எலுமிச்சம்பழம் போல நசுங்கி, கிரைண்டரில் மாவு சுழல்வது போல அம்மாவைச் சுற்றிச் சுழல்கிறது. ஜெர்மனியில் ஜைஸ் கம்பெனி செய்த பயோட்டார் லென்ஸைப் பார்த்து ரஷ்யர்கள் செய்த லென்ஸ் இது. இந்தச் சுழலை அந்தக் காலத்து இன்ஜினியர்கள் குறை என்றுதான் நினைத்திருப்பார்கள், இப்போது அதற்காகவே தேடி வாங்குகிறார்கள்.

சீரியல் நம்பரில் முதல் இரண்டு எண் 78. தயாரித்த வருஷமாம். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் என்ற ஊரின் தொழிற்சாலை. பரணில் கிடந்ததில் உள்ளே பூஞ்சை வலை பின்னியிருந்தது. சென்னையில் ஒருவர் பிரித்துத் துடைத்துக் கொடுத்தார். ஆனாலும் ஓரத்தில் பிறை மாதிரி கோட்டிங் அரித்துவிட்டது, அது போகாதாம். வெயிலுக்கு எதிரே பிடித்தால் படம் முழுக்க ஆவி படிகிறது.

முரளி, போன வருஷம் அத்தான் காரியத்துக்கு வந்தபோது சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். வாசலில் நீ நின்ற நிலையைப் பார்த்ததும் வாய் வரவில்லை. அந்தக் கேமராவுக்காக அவர் ஒரு வருஷம் உன்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று அன்றைக்கு நீயே எல்லோரிடமும் சிரித்துக்கொண்டு சொன்னாய். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். ராத்திரி பஸ்ஸில் தூக்கமே வரவில்லை.

லென்ஸ் உன்னுடையது. பார்சலில் அனுப்ப மனசு வரவில்லை, நானே கோயம்புத்தூருக்கு எடுத்து வருகிறேன். அடாப்டரும் உனக்குத்தான். ஆனால் மாசி மகம் வரை என்னிடம் இருக்கட்டுமே? மகாமகக் குளத்துப் படியில் ஒரு காலை நேரம் எடுக்க வேண்டும். இந்தத் தடவை கழுத்தில் வாரைப் போட்டுக்கொண்டுதான் படி இறங்குவேன்.

பதில் போடு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. பட்டாணியிடம் மட்டும் நீ சொல்லிவிடு, என்னால் முடியாது.

உன்,
சேது