ஓட்டுத் தாளில் மேலே யார் பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த டிசம்பரில் கேரள உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போட்டுவிட்டு வந்த என் அம்மாயி சொன்னது இன்னும் மனதை அரிக்கிறது. கிராமப் பஞ்சாயத்து, பிளாக், ஜில்லா என்று எங்களுக்கு ஒரே நேரத்தில் மூன்று ஓட்டு. கிராமப் பஞ்சாயத்துக்கான, வெள்ளைத் தாள் ஒட்டிய மெஷினில் எங்கள் வார்டுக்காரரைத் தேடி அமுக்கிவிட்டார். "ரோஸ் கலர்லயும் நீலக் கலர்லயும் யாரு என்னன்னே தெரியல கண்ணு, மேல இருந்ததை அமுக்கிட்டு வந்துட்டேன்" என்றார். அம்மாயி மட்டும்தானா இப்படி? சில பத்து ஓட்டுகளில் முடிவு மாறும் தேர்தல் இது.

மேலே இருந்தவர் எப்படி மேலே வந்தார்? மலையாள அகரவரிசைப்படி. தமிழர்கள் வாழும் வார்டுகளில் தமிழிலும் பெயரை அச்சிடுகிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் வரிசை மலையாளத்துடையது. தமிழில் சுந்தரம் 'ச'வில் வருவதால் மணிக்கு முன்னால் நிற்பார். மலையாளத்தில் அவர் 'ஸ'வில் தொடங்குவதால் மணிக்குப் பின்னால் போய்விடுவார். தமிழ்நாட்டு எல்லையில் உள்ள வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் இடம் மாறுகிற ஒரு வரிசையை எப்படி நடுநிலை என்பது? ஆறுமுகத்துக்கோ இரண்டு பக்கமும் யோகம்தான். வைத்த பெயருக்காக ஒருவர் ஆயுள் முழுக்க அடியிலேயே கிடப்பது அநியாயம்.

சட்டமன்றம், நாடாளுமன்றத் தேர்தல்களில் இந்த அநியாயம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகள் முதலில், பதிவு செய்த மற்ற கட்சிகள் அடுத்து, சுயேச்சைகள் கடைசியில், அதற்குள்ளேதான் அகரவரிசை.

நம் ஊரில் எந்த வார்டு யாருக்கு ஒதுக்கீடு என்பதையே சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்கிறார்கள். இரண்டு பேர் சமமாக ஓட்டு வாங்கினாலும் நறுக்கெடுப்புதான், அதாவது சீட்டுக் குலுக்கல்தான். வெற்றியையே குலுக்கலுக்கு விடும்போது பெயர் வரிசையை விடக் கூடாதா? வேட்புமனு வாபஸ் முடிந்த அன்று, எல்லா வேட்பாளர்கள் முன்னிலையிலும் வரணாதிகாரி (தேர்தல் நடத்தும் அதிகாரி) சீட்டெடுத்தால் போதும். செலவும் கிடையாது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆங்கில எழுத்துகளையே குலுக்கி எடுத்து, வரும் வரிசையில்தான் பெயர்களை அடுக்குகிறார்கள்.

பிளாக், ஜில்லா டிவிஷன்களில் பல பூத்துகள் இருப்பதால், பூத்துக்குப் பூத்து வரிசையைச் சுழற்றவும் செய்யலாம். "மூணாவது பட்டன்" என்று சொல்லி ஓட்டுக் கேட்கிற கட்சிகள் இதை எதிர்க்கும், தெரியும். வயதானவர்கள் குழம்புவார்கள் என்பார்கள். யாருக்கு என்று முடிவு செய்து வருகிறவர்கள் சின்னத்தைப் பார்த்துத்தான் அமுக்குகிறார்கள், சின்னம் மாறப்போவதில்லை. சுழற்றினால் எண்ணும்போது சிக்கல் வருமென்றால், முதலில் குலுக்கலையாவது கொண்டு வரட்டும்.

மாநிலத் தேர்தல் ஆணையமும் கேரள அரசும் அடுத்த உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் இந்த விதியைத் திருத்த வேண்டும். எங்கள் தொகுதி உறுப்பினர் சட்டசபையில் இதைப் பேச வேண்டும் என்றும் உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாக்காளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.