பாப்பாவின் பாஸ்போர்ட் பற்றி அப்பாவுக்கு

மனாமா, பஹ்ரைன், வெள்ளிக்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

அப்பா எழுதிய நான்கு பக்கத்தையும் தம்பி போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். கடைசிப் பக்கத்தில் மை தீர்ந்து பென்சிலால் எழுதியிருக்கிறீர்கள், பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். பாப்பா நாடு மாறி, வேறு நாட்டுப் பாஸ்போர்ட்டில் ஓடப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் பேசினால் பாப்பா பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பாள், அதனால் நானும் எழுதியே அனுப்புகிறேன். தம்பி, அப்பாவின் போனில் எழுத்தைப் பெரிதாக வைத்துக் கொடு.

அம்மா, நீ கேட்பதற்கு முன்பே சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். காலையில் குபூஸ் என்கிற அரபு ரொட்டி. தெருவுக்குத் தெரு தந்தூர் அடுப்புக் கடை உண்டு, சுடச்சுட வாங்கி டீயில் தொட்டுச் சாப்பிட்டால் மத்தியானம் வரை பசிக்காது. மத்தியானம் சோறும் பருப்பும். வெள்ளிக்கிழமை மீன். சாஃபி என்று ஒரு சின்ன மீன் கிடைக்கும், முள் அதிகம், நீ கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூளைப் பிரட்டிப் பொரித்தால் ரூமில் இருக்கும் மலையாளிகள்கூட எனக்கு எங்கே என்று கேட்பார்கள். தூள் இன்னும் இருக்கிறது, அனுப்ப வேண்டாம். வெயில்தான் கொஞ்சம் அதிகம். ஆகஸ்டில் குழாயைத் திறந்தால் வெந்நீர்தான் வரும், ராத்திரியே பக்கெட்டில் பிடித்து ஏசி ரூமில் வைத்துக் காலையில் குளிக்கிறோம். கோடையில் மத்தியான நேரம் வெளியில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம் இருப்பதால், மொட்டை மாடி ஏசி வேலையெல்லாம் விடியற்காலையிலேயே முடித்துவிடுவேன். ஓவர்டைம் இப்போது அவ்வளவாக இல்லை, உடம்புக்கு ஓய்வு கிடைக்கிறது.

மேல் மாடிக் கென்யாக்காரப் பெண்ணைப் பற்றிப் போன தடவை சொன்னேன் இல்லையா? நான் டூல்பேக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கும் இருட்டில் அவள் ஓடி முடித்துவிட்டு மேலே ஏறுவாள். அந்த நேரத்தை விட்டால் இங்கே ஓடவே முடியாது. ஊருக்கு வெளியே உப்புக் காற்று அடிக்கும் ரோட்டில் தனியாக ஓடிவிட்டு வந்து, வெள்ளைச் சோளமாவில் களி கிண்டுவாள். உகாலி என்கிறார்கள். அப்படியே நம் ராகிக் களி மாதிரி உருண்டை பிடித்து, கீரையோடு சாப்பிட வேண்டும். அவள் வீட்டு ஏசியில் கேஸ் அடைத்துக் கொடுத்ததற்குப் பணம் வாங்க மாட்டேன் என்று சொன்னேன், அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஒரு கிண்ணம் கீழே வந்துவிடும். யாரோடும் அதிகம் பேச மாட்டாள். ஷூக்களை மட்டும் வரிசையாகக் கழுவிப் படிக்கட்டில் காயவைப்பாள், யாராவது நகர்த்தினால் சண்டை.

உங்கள் கடிதம் வந்ததும் அவளிடம்தான் கேட்டேன். அவளும் ஓடுவதற்காக நாடு மாறியவள். பெயர் மாறிவிட்டது, பாஸ்போர்ட் மாறிவிட்டது. அவளைக் கூட்டி வந்த ஏஜென்ட், பரிசுப் பணத்தில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுப்பான். இப்போது குதிகால் நரம்பில் காயம், போட்டி இல்லை, ஏஜென்ட் போனை எடுப்பதும் இல்லை. ஊரில் அம்மாவுக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறாள், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த வீட்டின் போட்டோதான் அவள் போன் ஸ்கிரீனில் இருக்கிறது. ஆனால் தங்கையை இதற்கு அனுப்புவாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள்.

அப்பா, பாப்பாவிடம் பேசியிருக்கும் அந்த ஆள் மாதச் சம்பளம், வீடு, மெடலுக்குத் தனியாகப் பணம் என்றெல்லாம் சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். அவன் சொல்லாததை நான் சொல்கிறேன். 2017 பிப்ரவரியில் உலகத் தடகளச் சங்கம் நாடு மாறுவதையே மொத்தமாக நிறுத்தி வைத்தது, ஆப்பிரிக்கப் பிள்ளைகளைச் சந்தையில் வாங்குவது போல் ஆகிவிட்டது என்று ஆப்பிரிக்கப் பிரதிநிதியே சொன்ன பிறகு. 2018-ல் புது விதி வந்தது. இருபது வயதுக்கு முன் மாற முடியாது, மாறினால் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும், வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். பாப்பாவுக்கு இருபது ஆகவே இன்னும் மாசி வர வேண்டும். ஜூனியர் ஆசியப் போட்டியில் இந்தியாவுக்காக ஓடிவிட்டாள். அப்படியென்றால் அவளுடைய 800 மீட்டர் நன்றாக வரும் மூன்று வருடமும் எந்த நாட்டுக்காகவும் பெரிய போட்டியில் நிற்க முடியாது. அந்த மூன்று வருடம் சம்பளம் யார் கொடுப்பார்கள் என்று அவனிடம் கேளுங்கள்.

நம் சட்டமும் இருக்கிறது. வேறு நாட்டுக் குடியுரிமையை நாமாக வாங்கிக்கொண்டால் 1955 குடியுரிமைச் சட்டப்படி அந்த நிமிடமே இந்தியக் குடியுரிமை போய்விடும், இரண்டையும் வைத்துக்கொள்ள முடியாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை கிடைக்கும் என்பான். அந்த அட்டையை வைத்து ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது, இந்திய பனியன் போட்டு ஓடவும் முடியாது. 2008-லிருந்து இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால்தான் இந்திய அணி.

ஸ்டீபன் செரோனோ என்று கென்யாக்காரர், தடை தாண்டி ஓடும் 3000 மீட்டர்க்காரர். 2003-ல் கத்தாருக்குப் போய் சைஃப் சயீத் ஷாஹீன் ஆனார். வாழ்நாள் முழுக்க மாதம் ஆயிரம் டாலர் என்று அப்போது பத்திரிகைகளில் எழுதினார்கள். போன சில வாரத்திலேயே பாரிஸில் உலகச் சாம்பியன். அதே பந்தயத்தில் கூடப் பிறந்த அண்ணன் கென்யாவுக்காக ஓடினார். அந்த வீட்டில் அன்றைக்கு அம்மா யாருக்காகக் கை தட்டியிருப்பாள் என்று ராத்திரி முழுக்க யோசித்தேன். அடுத்த வருடம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஓடக் கென்யா சம்மதம் தரவில்லை, அந்தப் பந்தயத்தில் மூன்று மெடலையும் கென்யாக்காரர்களே வாங்கினார்கள். அடுத்த சில நாளில் இவர் பிரஸ்ஸல்ஸில் 7 நிமிடம் 53.63 விநாடியில் உலக சாதனை. 2023 வரை அதை யாராலும் தொட முடியவில்லை. அப்படிப்பட்ட மனிதர் ஒரு ஒலிம்பிக்கில்கூட ஓடாமலே போய்விட்டார்.

இந்த ஊரிலேயே இன்னொரு கதை. கென்யாவில் லியோனார்ட் முச்சேருவாகப் பிறந்து, இங்கே வந்து முஷிர் சாலிம் ஜவ்ஹர் ஆனவர், 2007 ஜனவரியில் இஸ்ரேலில் ஒரு மாரத்தான் ஓடி ஜெயித்தார். அதற்காகக் குடியுரிமையைப் பறிப்பதாக அறிவித்தார்கள். அன்றைக்குக் கென்யாவிலும் இரட்டைக் குடியுரிமை கிடையாது. ஆணை போட்டுக் கொடுப்பதை ஆணை போட்டே எடுக்கலாம் அப்பா. என்னைப் போல அரபி அல்லாதவர்கள் இங்கே 25 வருடம் தொடர்ந்து இருந்தால்தான் குடியுரிமைக்குக் கேட்கவே முடியும். ஓட்டக்காரர்களுக்கு உடனே கிடைக்கிறது என்றால் காலுக்குத்தான் கிடைக்கிறது. கால் போனால் என்ன என்பதுதான் என் பயம் எல்லாம்.

மாறிப் போனவர்கள் யாரையும் நான் தப்பாகச் சொல்லவில்லை. ரூத் ஜெபெட் 2016 ரியோவில் பஹ்ரைனுக்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கிக் கொடுத்தாள், வின்ஃப்ரெட் யாவி 2024 பாரிஸில் வாங்கினாள், இரண்டு பேரும் கென்யாவில் பிறந்தவர்கள். அங்கே வேகமாக ஓடுகிறவர்கள் அத்தனை பேர், அணியில் இடம் மூன்றுதான். இடம் இல்லாதவர்கள் வேறு கதவைத் தட்டினார்கள். பாப்பாவுக்கு அப்படியா? நம் ஊரில் 800 மீட்டரில் இடம் அவளுக்காகக் காத்திருக்கிறது.

2018 ஜகார்த்தா ஆசியப் போட்டி நினைவிருக்கிறதா? கலப்பு ரிலேயில் லால்குடி ஆரோக்கிய ராஜீவ், உங்களைப் போல ராணுவத்துக்காரர், அனஸ், ஹிமா தாஸ், நம் கர்நாடகப் பூவம்மா, நான்கு பேரும் உயிரைக் கொடுத்து ஓடி, பஹ்ரைனுக்கு அடுத்து வெள்ளி. டிவிக்கு முன்னால் எழுந்து நின்று கை தட்டினீர்கள். பஹ்ரைன் அணியில் ஓடிய, நைஜீரியாவில் பிறந்த பெண் ஊக்கமருந்தில் மாட்டி, 2020-ல் தங்கம் நமக்கு வந்தது. அன்றைக்கு எம்இஜி ராணுவ முகாம் கேட்டில் இருந்த காவலருக்குக்கூட லட்டு கொடுத்தீர்கள். அந்த அப்பா பென்சிலால் இப்படி ஒரு கேள்வி எழுதியிருக்கிறார் என்றால் வீட்டில் என்ன நிலைமை என்று எனக்குப் புரியாமல் இல்லை. அதைப் படித்துவிட்டு வேலைக்குப் போகவே மனம் வரவில்லை. பாப்பாவைச் சைக்கிளில் வைத்துக் கொண்டு பெங்களூர் அல்சூரிலிருந்து கண்டீரவா ஸ்டேடியத்துக்கு மிதித்த காலைகள், கப்பன் பார்க் ஓரத்தில் மழை பெய்து ஓய்ந்த மண்வாசனை, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து அவள் ஓட்டத்தை நான் நேரம் பார்த்தது, எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. இங்கே மழையே கிடையாது அப்பா. குளிர்ந்த காற்று முகத்தில் பட்டு எவ்வளவு நாள் ஆகிவிட்டது. சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்குக்கு இந்த வருடமாவது வந்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன், டிக்கெட் விலை குறையட்டும் என்று இருக்கிறேன்.

சரி, வீட்டு விஷயம். இந்த மாதப் பணம் பத்து நாள் தள்ளி வரும், வங்கியில் ஏதோ மாற்றுகிறார்கள், பயப்பட வேண்டாம். வீட்டுக் கடன் தவணைக்கு முருகேசன் மாமாவிடம் மட்டும் கேளுங்கள், சீட்டுக்காரரிடம் போகவே போகாதீர்கள். செல்வி அத்தைக்கு நாம் கொடுத்தது வரவேண்டியிருக்கிறது, அம்மா, நீ நேரில் போய்க் கேட்டால் கொடுப்பாள். கிருஷ்ணகிரி நிலத்தை விற்கும் பேச்சை நிறுத்துங்கள், பெரியப்பா அவசரப்படுத்தினால் நான் லீவில் வரும்வரை எந்தப் பத்திரமும் இல்லை என்று சொல்லிவிடுங்கள். பாப்பாவின் கோச் சாரிடம் ரயில்வே விளையாட்டுக் கோட்டாவைப் பற்றிப் பேசுங்கள், அறிவிப்பு வரும்போது சர்டிபிகேட் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். ஜூனியர் ஆசியப் போட்டிச் சான்றிதழை லேமினேட் செய்ய வேண்டாம், அப்படிச் செய்தால் சில இடங்களில் ஏற்க மாட்டார்கள். ஷூ கிழிந்துவிட்டது என்று தம்பி சொன்னான், நான் இங்கிருந்து வாங்கி அனுப்புகிறேன், மேல் மாடிப் பெண் நல்லதாகப் பார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள், பாப்பாவின் கால் அளவைப் பேப்பரில் வரைந்து போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

அந்த ஆள் திரும்ப வந்தால் என் நம்பரைக் கொடுங்கள். எந்தத் தாளிலும் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம், பாப்பாவின் பாஸ்போர்ட்டைப் பார்க்கக்கூடக் கொடுக்க வேண்டாம். அம்மா, அதை பீரோவில் வைத்துச் சாவியை நீயே வைத்துக்கொள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு, டீக்கு அப்புறம் இல்லை.

உங்கள் மகன்