கொக்கிரகுளம் டீ அண்ணாச்சிக்கும் மற்ற எல்லாருக்கும் நன்றி

அப்பா நேற்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துட்டாங்க. திண்ணையில் உட்கார்ந்துகொண்டு, "உப்பில்லாத கஞ்சிய மனுசன் குடிப்பானா" என்று அம்மாவோடு மல்லுக்கட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் இதை எழுதுகிறேன். இந்தப் பதினெட்டு நாளில் என்ன நடந்தது என்று எங்கள் ஊர் முக்கூடலில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முதல் நன்றி, பேர் தெரியாத ஒருவருக்கு. திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸுக்குள் டீ கொண்டுவருகிற அண்ணாச்சிக்கு.

எங்களிடம் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லை. குடும்பத்தின் வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் அட்டை கிடைக்கும். எங்கள் வருமானம் அதற்குள்தான். ஆனாலும் வாங்கி வைக்கவில்லை. நோய் வந்து படுத்த பிறகுதானே நமக்கெல்லாம் அட்டை ஞாபகம் வரும்! வி.ஏ.ஓ. கையெழுத்துப் போட்ட வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாவற்றையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அம்மாவோடு போனேன். கார்டில் குடும்பத் தலைவி அம்மாதான். போன அன்று திங்கள்கிழமை, மனு கொடுக்கிற கூட்டம். மண்ணெண்ணெய் இருக்கிறதா என்று கேட்டில் போலீஸ்காரர் எங்கள் தண்ணி பாட்டிலைத் திறந்து மோந்து பார்த்தார். அம்மா அங்கேயே மிரண்டுவிட்டாள்.

உள்ளே போனால் மெஷினில் கைரேகை விழவில்லை. நாற்பது வருஷம் பீடி சுற்றின கை. இலை வெட்டி, தூள் வைத்து, உருட்டி உருட்டி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழுவழு என்று இருக்கும். "துடைச்சிட்டு வைங்கம்மா" என்று மெஷின் முன்னால் இருந்த பொண்ணு மூன்று முறை சொன்னாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், பின்னால் அத்தனை பேர் நின்றார்கள். ஓரமாக உட்காரச் சொன்னார்கள். அம்மா வெளியே வந்து படியில் உட்கார்ந்து, "என் கையே எனக்குச் சாட்சி சொல்ல மாட்டேங்கு" என்று அழ ஆரம்பித்துவிட்டாள்.

அப்போதுதான் அண்ணாச்சி வந்தார். கையில் டீ கேனும் டம்ளர் அடுக்கின கம்பிக்கூடையும். அம்மாவின் விரலைப் பார்த்துவிட்டு, "பீடி சுத்துதியளா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஒரு கண்ணாடி டம்ளரில் சுடுதண்ணி ஊற்றி, "ரெண்டு கையாலயும் புடிச்சிக்கிடுங்க. எங்க அம்மைக்கும் இப்படித்தான் விழாது" என்றார். தண்ணி கொஞ்சம் ஆறியதும் தோள் துண்டின் நுனியை அதில் நனைத்து, பத்து விரலையும் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டார், சின்னப் பிள்ளைக்குத் துடைக்கிற மாதிரி. "வலது கை வேண்டாம். இடது கை மோதிர விரல வைங்க, அதுதான் வேலை செய்யாத விரலு" என்றார்.

விழுந்துவிட்டது. முதல் தடவையிலேயே.

இத்தனைக்கும் மாடியில் டீக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். நான் அட்டை விவரத்தை வாங்கிக்கொண்டு ஓடி வந்து பார்த்தபோது ஆள் இல்லை.

மற்றவர்களையும் சொல்ல வேண்டும். ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி டாக்டர்கள், ராத்திரி டூட்டி நர்ஸ் அக்காக்கள், காப்பீட்டுப் பிரிவில் அப்ரூவல் வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்த தம்பி, ரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், தங்கச்சிக்குச் சோறு போட்ட எதிர்வீட்டு அத்தை, எல்லாருக்கும் எங்கள் கும்பிடு. முதலில் ஓடிய தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு லட்சம் கட்டச் சொன்னார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரிக்கு எதற்கு அட்டை என்று சிலர் கேட்டீர்கள். அங்கே செய்கிற பெரிய சிகிச்சைகளுக்கும் காப்பீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பணம் வருகிறது. குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை. பிரீமியம் நாம் கட்டுவதில்லை, அரசாங்கம் கட்டுகிறது. 2022-இல் போட்ட ஒப்பந்தப்படி குடும்பத்துக்கு வருஷம் 849 ரூபாயாம். அம்மா அதைக் கேட்டுவிட்டு, "நாலு நாள் சுத்துக்கூலி" என்று கணக்குப் போட்டாள். அந்த 849 கையிலேயே இருந்தாலும் நாங்கள் இன்ஷூரன்ஸ் எடுத்திருப்போமா? பள்ளிக்கூடத்துக்கோ வட்டிக்கோ போயிருக்கும். தாத்தாவுக்கு இதே நோவு வந்தது 2004-இல். கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009-இல்தான் வந்தது, இப்போதைய திட்டம் 2012-இல். தாத்தாவுக்காக வயலை விற்றோம். வயலும் போச்சு, தாத்தாவும் போனார். வயல் போனதால்தான் அம்மா இன்னும் பீடித் தட்டை மடியில் வைத்திருக்கிறாள்.

எங்கள் தெருவில் இன்னும் அட்டை எடுக்காத வீடு ஆறு இருக்கிறது, எண்ணிவிட்டேன். வருகிற புதன்கிழமை ஆறு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன் (திங்கள்கிழமை வேண்டவே வேண்டாம்). ஆறு பேரும் பீடி சுற்றுகிறவர்கள். ஃப்ளாஸ்கில் சுடுதண்ணியும் ஒரு துண்டும் என் கையில் இருக்கும்.

டீ அண்ணாச்சி, இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு விஷயம். ரேகை விழுந்த சந்தோஷத்தில் அம்மா உங்கள் டம்ளரைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். பஸ் சேரன்மகாதேவி தாண்டின பிறகுதான் பார்த்தோம். கழுவி, சாமி படத்துக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருக்கிறாள். புதன்கிழமை கொண்டுவந்து தருகிறோம்.