கீழ்ப்பிரிவு பீலித் தண்ணீரைக் காப்பாற்றித் தருமாறு மூன்றாம் முறையாகக் கோரும் மனு

பிரதேச செயலாளர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா,

தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் வசிக்கும் 26 குடும்பங்கள், மலையிலிருந்து தண்ணீர் வந்து விழும் எங்கள் பீலியைப் பற்றி இதை எழுதுகிறோம். மார்ச்சில் ஒரு மனு, மே மாதம் ஒரு மனு கொடுத்தோம். கிராம உத்தியோகத்தர் வந்து போட்டோ எடுத்தார், அதோடு சரி. 2025 நவம்பர் டித்வா புயலின்போது எங்கள் கோயில் வாசலில் நின்று உலர் உணவு கொடுத்தவர் நீங்கள். அந்தக் கோயிலுக்கு நேர் மேலே, மானாப்புல் மண்டிக் கிடந்த பழைய தேயிலை மலையில்தான் இப்போது சோலார் பேனல்கள் நிற்கின்றன. அந்தப் புயலுக்கே அசையாத மலை, இப்போது சாதாரண மழைக்குக் கரைகிறது.

1. சோலார் வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. நாட்டுக்குக் கரண்ட் வேண்டும்தான்.

2. சோலார் போட்டவர்கள் தேயிலைத் தூர்களைப் பிடுங்கி, எங்கள் தாத்தாமார் வெட்டிய குறுக்குக் கான்களை மண் போட்டு மூடிவிட்டார்கள். மழைத்தண்ணீரை மெதுவாக ஓரத்துக்குக் கொண்டுபோனவை அந்தக் கான்கள். இப்போது ஒவ்வொரு பேனலின் கீழ் விளிம்பிலிருந்தும் தண்ணீர் ஒரே கோடாக ஊற்றி, முழங்கால் ஆழத்துக்கு மண்ணை அறுத்திருக்கிறது.

3. அறுத்த மண் எல்லாம் எங்கள் பீலிக்கு வருகிறது. குடிக்க, சமைக்க, பிள்ளையைக் குளிப்பாட்ட எங்களுக்கு இருப்பது இந்த ஒரு பீலிதான். மழைக்கு மறுநாள் தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் விழுகிறது. இரவே வாளியில் பிடித்து வைத்து, மண் அடியில் இறங்கிய பிறகு, மேல் தண்ணீரைக் கோப்பையால் மொண்டு, பழைய சேலைத் துணியில் வடித்துச் சோறாக்குகிறோம். அப்படியும் சோறு பல்லில் நறநறக்கிறது. பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை பழுப்பேறிவிட்டது. கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் காலைப் பெரட்டில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் முன்னால் ஆற்றுக்கு இறங்கி இரண்டு குடம் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி போன கிழமை அந்தப் படியில் வழுக்கி விழுந்தாள் ஐயா. குழந்தைக்கு ஏதாவது ஆகியிருந்தால் யார் பதில் சொல்வது? இன்னும் எத்தனை மனு எழுத வேண்டும்?

4. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கை எடுத்தீர்களா என்று சோலார் வேலைக்காரர்களிடம் கேட்டோம். "எல்லாம் சரி" என்றார்கள், தாளைக் காட்டவில்லை. ஏழு பேர்ச் காணியில் ஒரு வீடு கட்டப்போன எங்களிடம் அந்த அறிக்கை இல்லாமல் முடியாது என்றீர்களே! முழு மலையைக் கிளறியவர்களுக்கு வேறு சட்டமா? கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கேயும் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்கள். மழை இரவுகளில் எங்கள் லயத்தில் யாரும் தூங்குவதில்லை.

5. சோலார் வேலை நடக்கும் இடத்தில் வைத்திருக்கும் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஓர் எழுத்துக்கூட இல்லை.

ஐயா, மழை பெய்த மறுநாள் காலையில் ஒருதரம் நேரில் வாருங்கள். கான்களைத் திரும்ப வெட்ட உத்தரவு போடுங்கள். அந்த அறிக்கையின் பிரதியைத் தமிழில் தாருங்கள். அதுவரைக்கும் கிழமைக்கு இரண்டு நாளாவது பவுசர் வண்டியில் தண்ணீர் அனுப்புங்கள். பீலியைக் காப்பாற்றித் தாருங்கள் ஐயா, கைகூப்பிக் கேட்கிறோம்.

இப்படிக்கு,
கீழ்ப்பிரிவு குடியிருப்பாளர்கள்

இணைப்பு: 26 குடும்பங்களின் ஒப்பங்கள், செவ்வாய்க்கிழமை காலை பீலியில் பிடித்த தண்ணீர், ஒரு போத்தல்.